ஒன்று விடாமல், எல்லாக் கட்டடங்களும்

ரிம்மா அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அவள் வீட்டைக் காலி செய்யத் தேவைப்பட்ட கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். முதல் தாளில் போட்டவள் அவளேதான். இரண்டுக்கும் நடுவே ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தில் கெட்டவர் என்று எங்கள் ஊரில் ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரே ஒரு ஆள் கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

சோம்கா என்ற எங்கள் கிராமத்தில் நான் முப்பது வருஷமாக ஊசி போடுகிறேன். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் மாவட்ட நகரத்தில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்பதால் ஊரில் எல்லோருக்கும் நான்தான் டாக்டரம்மா, ரிம்மா அக்காவுக்கு மட்டும் அல்யா. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் மருந்தைக் குடிக்காமல் ஜன்னல் வழியே கொட்டுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ரிம்மா அக்காவின் பதினோராம் நம்பர் அறைக்கு நான் போகாத வாரம் கிடையாது.

எங்கள் ஊரில் முதலில் வந்தது மடம். ஊர் பிறகு வந்தது. ஒரு வியாபாரியின் விதவை ஆற்றங்கரை மேட்டில் கன்னியர் மடம் கட்டினாள். மடத்துக்குத் துணி வெளுக்கவும் மாடு மேய்க்கவும் செங்கல் சுடவும் வந்தவர்கள் மேட்டுக்குக் கீழே குடிசை போட்டார்கள். அந்தக் குடிசைகள்தான் சோம்கா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து மணிகளை இறக்கினார்கள், கன்னியாஸ்திரிகளை வண்டியில் ஏற்றினார்கள். எங்கள் ஜனங்கள் சாலையோரம் நின்று பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். சிலர் கதவையும் ஜன்னலையும் கழற்றிக்கொண்டு போனார்கள். சிலர் இரண்டையும் செய்தார்கள்.

அப்புறம் அது டிராக்டர் பழுதுபார்க்கும் நிலையம் ஆயிற்று. கோயிலுக்குள் லேத் மெஷின்கள் வந்தன. கன்னியாஸ்திரிகள் இருந்த நீளக் கட்டடத்தில் அறைக்கு ஒரு தொழிலாளி குடும்பம். மடத்தைக் காலி செய்தபோது அங்கே பதினேழு வயதில் ஒரு பெண் இருந்தாள், பெலகேயா. இன்னும் சபதம் எடுக்காதவள் என்பதால் அவளை வண்டியில் ஏற்றவில்லை. அவளை மெக்கானிக் சாவாவுக்குக் கட்டிவைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பதினோராம் நம்பர். சிறுமியாக இருந்தபோது அவள் பெருக்கித் துடைத்த அதே அறை. அந்த அறையில்தான் முப்பத்தைந்தாம் வருஷம் ரிம்மா பிறந்தாள். பெலகேயா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் தரையைத் துடைக்கும்போது எப்போதும் கிழக்கு மூலையிலிருந்துதான் ஆரம்பிப்பாள். ரிம்மாவும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால், "எங்கயாவது ஆரம்பிக்கணும்ல" என்பாள்.

ரிம்மா நிலையத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல்காரி. அவள் புருஷன் விலேன், லேத் ஓட்டுகிறவர். அந்தப் பெயர் புரட்சித் தலைவரின் பெயரெழுத்துகளைச் சேர்த்துச் செய்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் வைத்தார்கள். கோயிலின் வடக்குச் சுவரோரம் அவருடைய மெஷின். மேலே சுவரில் ஒரு புனிதரின் படத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வருஷா வருஷம் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு கண் மட்டும் வெளியே வந்துவிடும். விலேன் மேஸ்திரியிடம் சொல்வார்: "மேல இருக்கறவரு பாத்துட்டே இருக்காரு. ஒரு நட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியல." குழந்தைகள் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே வாழ்ந்தார்கள்.

தொண்ணூறில் கூரை ஒழுக ஆரம்பித்தது. நிலையம் பாதி செத்துவிட்டது, பழுது பார்க்க யாரும் இல்லை. மடங்களைத் திரும்பக் கேட்டால் அரசாங்கம் கொடுக்கிறது, கூரையும் போட்டுத்தருகிறது என்று பேப்பரில் வந்தது. ரிம்மா அக்கா நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து மனு எழுதினாள். சோம்கா மக்களாகிய நாங்கள், மதிலுக்குள் இருக்கும் கட்டடங்களை மடத்துக்குத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். எழுதி முடித்துவிட்டு யோசித்தாள். அதிகாரிகள் தந்திரக்காரர்கள், குளியல் வீட்டையும் வைக்கோல் கொட்டகையையும் தங்களுக்கு வைத்துக்கொள்வார்கள் என்று பயந்து, மேலே இரண்டு வார்த்தை சேர்த்தாள்: 'ஒன்று விடாமல்.'

"கன்னியாஸ்திரிங்க வந்து கூரையை ஒழுகாம பண்ணுவாங்கன்னா நான் ரெண்டு கையெழுத்தே போடுறேன்" என்றார் விலேன்.

"ஒண்ணு போதும். அதையாவது கோணாம போடுங்க."

கம்பளி பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் வீடு வீடாக நடந்து அறுபத்து மூன்று கையெழுத்து வாங்கினாள். நானும் போட்டேன். ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது, குடியிருக்கும் நீளக் கட்டடமும் அந்த மதிலுக்குள்தான் என்று அறுபத்து மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மடம் என்றால் எங்களுக்குக் கோயில், மணி, சிலுவை. அந்த நீளக் கட்டடம் மடம் இல்லை. அது குடியிருப்பு. ஒன்பதாம் நம்பரில் தண்ணீர்க்குழாய் உடைந்தால் "மடத்தில் குழாய் உடைந்தது" என்று யார் சொல்வார்கள்? அறுபது வருஷம் அதில் முட்டைக்கோஸ் வேகவைத்து, குழந்தை பெற்று, சண்டை போட்டு, அதை எங்கள் வீடு ஆக்கிவிட்டிருந்தோம்.

தொண்ணூற்றிரண்டில் நாலு கன்னியாஸ்திரிகள் வந்தார்கள். மடத்தின் தலைவி யெவ்ஸ்தோலியா அம்மா, எழுபது வயது, வீட்டுக்காரம்மாள் மாதிரி உரக்கப் பேசுகிறவர். இன்னும் மூன்று பேர். அவர்களில் இளையவள் ஃபோத்தீனியா, இருபத்து நாலு வயது, பக்கத்துக் கிராமத்துப் பெண். நீளக் கட்டடம் நிறையக் குடும்பங்கள் இருந்ததால் வாயிற்காவலன் அறையில் தங்கினார்கள். அது ஈரச் சுவர், நாலு பேர் படுத்தால் கால் நீட்ட முடியாது. ரிம்மா அக்கா அவர்களுக்கு உருளைக்கிழங்கு கொடுத்தாள், கிணறு காட்டினாள், எந்தப் புகைபோக்கி அடைத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தாள். யெவ்ஸ்தோலியா அம்மா சொன்னார்: "இந்த மடத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தலைவி பேருக்குத்தான் நான். நிஜத் தலைவி நீங்கதான்." ரிம்மா அக்கா சிரித்துக்கொண்டே வந்து விலேனிடம் சொன்னாள். "அப்போ எனக்கு இனிமே சாப்பாடு கிடையாதா?" என்றாராம் அவர்.

குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகரத்தில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு கிளம்பின. போனவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? தொண்ணூற்று நாலு இலையுதிர் காலத்தில் பதினோராம் நம்பர் மட்டும் மிச்சம். அந்த செப்டம்பரில்தான் விலேனுக்குப் பக்கவாதம் வந்தது.

வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. மூளை அடிபட்டவர்களுக்கு இப்படி ஆவதுண்டு, நான் வேறு இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். ஒரு கிழவருக்கு 'சரி' மிஞ்சியது. ஒருத்திக்குத் தங்கையின் பெயர். விலேனுக்கு மிஞ்சியது, லேத்தில் விரல் மாட்டும்போதெல்லாம் முப்பது வருஷம் சொன்ன வார்த்தை: பிசாசு. மடத்துக்கு நடுவே படுத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை அவர் "பிசாசு" என்று கத்துவார். கன்னியாஸ்திரிகள் ஜன்னலுக்கு வெளியே நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

"தண்ணி கேக்கறாரு, பயப்படாதே கண்ணு" என்று ரிம்மா அக்கா ஃபோத்தீனியாவுக்குச் சொல்வாள். "சுருக்கமா சொன்னா தண்ணி. இழுத்துச் சொன்னா திருப்பிப் படுக்க வைக்கணும். ரெண்டு தடவை சொன்னா ஜன்னலைத் திறக்கணும்."

"மூணு தடவை சொன்னா, அக்கா?"

"மூணு தடவை சொன்னா என் சமையலைத் திட்டறாரு."

அப்போதுதான் யெவ்ஸ்தோலியா அம்மா பதினோராம் நம்பருக்கு வந்தார். நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பெண்கள் மடத்தில் இரவில் ஆண் தங்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆண் இருக்கும் கூரைக்கு அடியில் கன்னியாஸ்திரி படுக்கக் கூடாது. பகலில் வரலாம், போகலாம். இருட்டினால் கூடாது. அதனால் பத்து அறைகள் காலியாகக் கிடந்தும் நாலு பேரும் வாயிற்காவலன் அறையில்தான்.

"அவரு படுத்த படுக்கைம்மா" என்றாள் ரிம்மா அக்கா. "தானாத் திரும்பிக்கூடப் படுக்க முடியாது. யாரை என்ன பண்ணிடப் போறாரு?"

"எனக்குத் தெரியாதா? ஆனா ஆளைப் பாத்து மாத்தறதுக்கு அது நான் போட்ட சட்டம் இல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது, மரியாதைக்கு அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். "நீங்க இருங்க, ரிம்மா சாவிச்னா. சாகற வரைக்கும் இந்த அறை உங்களுக்கு. அவருக்கு மாவட்டத்துல முடியாதவங்க இல்லம் இருக்கு. நான் ஆயரைப் பாத்துப் பேசி நல்ல இடமா வாங்கித் தரேன்."

"அவரு ஒரே வார்த்தைதான் பேசறாரு. அதுல எது தண்ணி, எது வலின்னு அங்க யாருக்குத் தெரியும்?"

யெவ்ஸ்தோலியா அம்மா போகும்போது கட்டிலைப் பார்த்து, "இன்னொண்ணு. பாதிரியாரைக் கூட்டிட்டு வரட்டுமா? இவருக்கு ஞானஸ்நானம் ஆகலையே" என்றார். ரிம்மா அக்கா புருஷன் பக்கம் குனிந்து கேட்டாள். விலேன் வார்த்தையைச் சொன்னார். அது வேண்டாம் என்று எனக்கே புரிந்தது.

"வேணாங்கறாரு."

"சொல்ல முடியாத நிலைமையில இருக்கறப்ப நாமதானே அவருக்கு..."

"அவரைக் கேக்காம அவரு சட்டையில ஒரு பித்தான்கூட நான் மாத்தினதில்லைம்மா."

கிராம மன்றத்துக்குப் போனாள். தலைவர் நல்ல மனிதர், அழுதால் கூடவே அழுகிற ரகம். நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். லிஃப்ட் கிடையாது. "அவரு காலம் முடியற வரைக்கும் விடுங்க. நான் எழுதித் தரேன்" என்று ரிம்மா அக்கா கெஞ்சினாள். அவர் கோப்பைப் பிரித்து அந்த நோட்டுத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் கையெழுத்து. நீல மை. 'ஒன்று விடாமல்' என்பதற்கு அடியில் அவளே கோடு போட்டிருந்தாள். "எல்லாம் இதை வெச்சுத்தான் நடந்தது, ரிம்மா சாவிச்னா. இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அன்றைக்கு அவள் என் மருந்தகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "குளியல் வீட்டைத்தான் பிடுங்கிப்பாங்கன்னு நினைச்சேன் அல்யா" என்றாள். அதை இரண்டு தடவை சொன்னாள்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். 'நோயாளியை அசைக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து' என்று சான்றிதழ் எழுதினேன். பாதி பொய். மாதம் ஒன்று. அக்டோபர், நவம்பர், டிசம்பர். சான்றிதழ் இருக்கும் வரை யாரும் தொட முடியாது. விலேன் இன்னும் ஒரு வருஷம்கூட ஓட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதை அவளும் தெரிந்துகொண்டிருந்தாள். அவர் அந்தக் கட்டிலில், அவள் பக்கத்தில், கண்ணை மூட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதுவரை ஊரே பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். குளிர்காலத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறு டிகிரிக்கு உறைந்தது. வாயிற்காவலன் அறைச் சுவரில் உள்பக்கம் பனி பிடித்தது. யெவ்ஸ்தோலியா அம்மாவுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். கம்பளி மேல் கம்பளி போட்டுப் படுத்திருந்தார், பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. அங்கே பென்சிலின் போட்டுவிட்டு, அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து பதினோராம் நம்பருக்குப் போவேன். அங்கே கணப்பு அடுப்பு கனன்றுகொண்டிருக்கும், நான் மேல்கோட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். காலி அறைகளையும் ரிம்மா அக்கா தினம் சூடாக்கி வைத்தாள், சுவர் ஊறிவிடக் கூடாது என்று. சூடான பத்து அறை, நடுவே ஒரு ஆண். முற்றத்துக்கு அந்தப் பக்கம் நாலு பெண்கள் நடுங்கிக்கொண்டு.

"எப்படி இருக்காங்க?" என்பாள் தினமும்.

"நேத்து மாதிரிதான்."

"நேத்தும் இதைத்தான் சொன்னே."

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அடுப்பில் விறகு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எழுதிக் குடு அல்யா" என்றாள்.

"என்னத்தை?"

"அவரை அந்த ஃபிளாட்டுக்குக் கொண்டுபோகலாம்னு. அந்தம்மா செத்துட்டா நான் இந்த அடுப்புகிட்ட எப்படி உக்காருவேன்?"

"அவருகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்." விறகுக் கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "பதில் சொன்னாரு. முதல் தடவையா எனக்குப் புரியல. சரின்னாரா, வேணாம்னாரா, தெரியல. திரும்பக் கேட்டேன், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."

நான் எழுதினேன். 'பயணம் செய்யலாம்.' அதுவும் பாதி பொய்தான்.

பிப்ரவரியில் வண்டி வந்தது. கிளம்பும் முன் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும் என்பது வழக்கம். ரிம்மா அக்கா மூட்டை மேல், நான் கட்டில் விளிம்பில், ஃபோத்தீனியா பெட்டி மேல், டிரைவர் வாசற்படியில். அப்புறம் ரிம்மா அக்கா ஒரு பழைய கம்பளி பூட்ஸை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஃபோத்தீனியாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். வீடு மாறும்போது வீட்டைக் காக்கும், கண்ணுக்குத் தெரியாத தாத்தாவைப் பூட்ஸில் ஏற்றிக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். மடத்துக்கு அது ஆகாது. ஃபோத்தீனியா எழுந்து போய் ரொட்டித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பூட்ஸுக்குள் போட்டாள். "வழியில பசிக்கும்ல அவருக்கு" என்றாள். பிறகு அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முற்றத்தில் யெவ்ஸ்தோலியா அம்மா நின்றிருந்தார், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க. ரிம்மா அக்காவைப் பார்த்ததும் பனியில் மண்டியிட்டுத் தரையில் நெற்றி வைத்தார். "மன்னிச்சிருங்க" என்றார். ரிம்மா அக்கா பதறி அவரைத் தூக்கினாள். "எதுக்கும்மா? எழுதினது நான்தானே. நுரையீரலைக் கெடுத்துக்காதீங்க, உள்ள போங்க. பதினொண்ணுல அடுப்பு சூடா இருக்கு." ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றும்போது விலேன் கோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகும் சொல்லவில்லை. நான் ஒரு தடவை நகரத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாலாவது மாடி, சுத்தமான அறை, ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர். பூட்ஸ் வெந்நீர்க் குழாய்க்குப் பின்னால் நின்றது. ரிம்மா அக்கா அவரிடம் பேசிக்கொண்டே இருந்தாள், கிண்டல் செய்தாள், கஞ்சியில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டினாள். "திட்டுங்களேன், ஒரு தடவை" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். மிச்சமிருந்த ஒரு வார்த்தையையும் அவர் பதினோராம் நம்பரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நகரத்துக்குப் போன பத்தொன்பதாவது நாள் இறந்துபோனார். ஊருக்குக் கொண்டுவர வண்டி கிடைக்காமல் நகரத்து இடுகாட்டிலேயே புதைத்தாள்.

நாற்பதாம் நாள் சடங்குக்கு அவள் பஸ்ஸில் வந்தாள், தேன் கலந்த கோதுமைச் சோற்றுக் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு. நானும் அவளோடு கோயிலுக்குப் போனேன். புதுக் கூரை. வடக்குச் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டார்கள், புனிதருக்கு இப்போது இரண்டு கண்ணும் இருந்தன. அவருக்குக் கீழே கல்தரையில் விலேனின் லேத் நின்ற நாலு போல்ட் ஓட்டைகள். அந்த நாலுக்கும் நடுவே போய் நின்றாள். பூசை முடியும் வரை அங்கிருந்து நகரவில்லை.

பிறகு மெழுகுவர்த்தி விற்கும் மேஜைக்குப் போய், இறந்தவர்களுக்கான சீட்டில் பெயரை எழுதி நீட்டினாள். எங்கள் மடத்தில் அந்தச் சீட்டுகளிலுள்ள பெயர்களை இரவு பகலாக, ஆள் மாற்றி ஆள் நிறுத்தாமல் வாசிக்கிறார்கள். மேஜையில் ஃபோத்தீனியாதான் இருந்தாள். வாசித்தாள். முகம் மாறியது.

"அக்கா... இந்தப் பேரு புனிதர்கள் பட்டியல்ல இல்ல. ஞானஸ்நானமும் இல்ல. சீட்டை வாங்கக் கூடாது."

"முப்பது வருஷம் இங்கதான் நின்னாரு கண்ணு. உனக்கு முன்னாடியே."

"தெரியும் அக்கா."

"வாசிக்கறப்ப இந்தப் பேரு நடுவுல வந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

ஃபோத்தீனியா அழுதுவிட்டாள். சீட்டை வாங்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை, அது இரண்டு பேர் விரல்களுக்கும் நடுவே இருந்தது. யெவ்ஸ்தோலியா அம்மா வந்தார். இப்போது நன்றாக நடமாடினார், என் பென்சிலினும் நீளக் கட்டடத்து அடுப்புகளும் அவரைத் தேற்றிவிட்டன. சீட்டைப் பார்த்தார். அதைத் தொடாமல், ரிம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பி வந்துடுங்க, ரிம்மா சாவிச்னா. பதினொண்ணு காலியா வெச்சிருக்கேன், யாருக்கும் குடுக்கல. கட்டில்கூட அப்படியே இருக்கு. இப்போ தடை ஒண்ணும் இல்லையே. இன்னைக்கே வந்துடுங்க."

எனக்கு மனம் துள்ளியது, மறைக்கவில்லை. வந்துவிடு என்று அவள் முதுகில் லேசாகத் தட்டவும் செய்தேன். ரிம்மா அக்கா சீட்டை மெதுவாக உருவி, நாலாக மடித்துக் கையுறைக்குள் வைத்தாள். கோபமே இல்லாத குரலில் பேசினாள்.

"அந்த அறையில இன்னும் ஒரு ஆம்பளை இருக்காரும்மா. உங்க சட்டப்படி ஆகாது."

கிண்ணத்தை ஃபோத்தீனியாவிடம் கொடுத்து, எல்லோரும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்றாள். நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னை அவசரப்படுத்தினாள்.